அறை முழுவதும் ஒரு ரயில் பாதை: பெரிய மாதிரி அமைப்பைத் தொடங்குமுன்

கேள்வியின் சாரம் இது: 6 மீட்டருக்கு 4 மீட்டர் அளவில் ஓர் அறை முழுதாகக் கைக்கு வந்திருக்கிறது. இதுவரை மேசைமேல் நீள்வட்டப் பாதையில் ரயில் ஓட்டிய பழக்கம் உண்டு. இனி எச்ஓ (HO) என்ற மாதிரி அளவில், இரண்டு அடுக்குகளாக, அறை நிறைய ஒரு பாதை அமைக்க விருப்பம். எங்கிருந்து தொடங்குவது, இப்போதே எதைத் தீர்மானிக்காவிட்டால் பின்னால் வருந்த நேரும்?

பெரிய அமைப்புகள் பாதியில் நின்றுபோவதற்கு நான் கண்ட முதன்மையான காரணம் பராமரிப்புதான். ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் 2001-ல் திறக்கப்பட்ட மினியேச்சர் வுண்டர்லாண்டில் தண்டவாளத்தின் நீளம் 15 கிலோமீட்டருக்கும் மேல். ஆனால் அங்கே தூசு துடைக்கவும், எஞ்சின் பழுது பார்க்கவும், தடம்புரண்ட பெட்டியை எடுத்து வைக்கவும் சம்பளத்துக்கு ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் அத்தனை வேலைக்கும் நீங்கள் ஒருவர்தான். ஆகவே, எவ்வளவு பாதை போடலாம் என்று கணக்கிடும் முன்பு, எத்தனை பாயிண்டுகளை, அதாவது ரயிலை ஒரு தடத்திலிருந்து இன்னொரு தடத்துக்குத் திருப்பும் பிரிவுகளை, உங்களால் நல்ல நிலையில் வைத்துக்கொள்ள முடியும் என்று கணக்கிடுங்கள்.

இதற்கு ஒரு சிறு கணக்கு உதவும். ஒரு ரயில் அறையை ஒருமுறை சுற்றிவர 20 பாயிண்டுகளைக் கடக்கிறது என்று கொள்வோம். ஒவ்வொரு பாயிண்டும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை பிழையின்றி வேலை செய்கிறது என்றால் கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் 0.99 என்ற எண்ணை இருபது முறை பெருக்கிப் பாருங்கள், 0.82 வரும். அதாவது நூறு ஓட்டங்களில் பதினெட்டு ஓட்டங்கள் எங்கோ ஓரிடத்தில் தடம்புரண்டோ நின்றோ போகும். அதே பாயிண்டுகள் ஆயிரத்துக்கு ஒருமுறை மட்டுமே பிழை செய்யும் தரத்தில் இருந்தால் நூறில் இரண்டு ஓட்டங்களே கெடும். முதல் நிலையில் உள்ள அமைப்பை விருந்தினர் முன் ஓட்டிக்காட்டவே கூச்சமாக இருக்கும். சில மாதங்களில் அந்த அறைக் கதவு திறக்கப்படுவதே குறைந்துபோகும். மேசைமேல் நான்கு பாயிண்டுகளோடு ஓட்டும்போது இந்தக் குறை கண்ணில் படாது என்பதால்தான், சிறிய அமைப்பை நன்றாக ஓட்டியவர்கள்கூடப் பெரியதில் தடுமாறுகிறார்கள்.

இனி அளவுக்கு வருவோம். எச்ஓ என்பது 87-ல் ஒரு பங்கு, 1,435 மி.மீ. அகலமுள்ள உண்மையான ஸ்டாண்டர்டு கேஜ் பாதை இதில் 16.5 மி.மீ. ஆகிறது. இதைவிடச் சிறிய ‘என்’ (N) அளவு 160-ல் ஒரு பங்கு. அதன் தண்டவாள இடைவெளி 9 மி.மீ. எச்ஓவில் ஒரு கிலோமீட்டர் என்பது பதினொன்றரை மீட்டர். 24 மீட்டர் நீளமுள்ள 16 பெட்டிகளும் 20 மீட்டர் எஞ்சினும் சேர்ந்த ரயில் எச்ஓவில் 4.6 மீட்டர் நீளம். உங்கள் அறையின் குறுக்குச் சுவரைவிட நீளம். அதே ரயில் ‘என்’ அளவில் இரண்டரை மீட்டர்தான். நீண்ட ரயில் வளைந்து செல்வதைப் பார்ப்பதே உங்கள் ஆசை என்றால் ‘என்’ அளவை இன்னொரு முறை யோசித்துப் பாருங்கள். பெட்டிகளைக் கோப்பதும் பிரிப்பதும், எஞ்சினின் கைப்பிடிக் கம்பிவரை கண்ணால் பார்ப்பதும் உங்களுக்கு முக்கியம் என்றால் எச்ஓவே சரி. ஆனால் ரயிலின் நீளத்தை ஏழு பெட்டிகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அது சுமார் 2.2 மீட்டர் வரும். அதை நிறுத்தி வைத்து எதிர் ரயிலுக்கு வழிவிட ஒரு லூப் வேண்டும். இரு முனைகளிலும் பாயிண்டுகள் எடுத்துக்கொள்ளும் இடத்தையும் சேர்த்தால் அந்த லூப் 3 மீட்டரைத் தாண்டிவிடும். ஆக, நீண்ட சுவர் ஒன்றுக்கு ஒரே ஒரு ரயில் நிலையம். ஒரே அறையில் ஐந்து நிலையங்கள் வரைவோர் உண்டு. அங்கே ரயிலின் முன்பக்கம் அடுத்த ஊரில் நுழையும்போது கடைசிப் பெட்டி முந்தைய ஊரின் நடைமேடையிலேயே நிற்கும்.

வளைவின் ஆரமும் இதே கணக்கில்தான் பிறக்கிறது. உங்கள் மிக நீண்ட பெட்டியின் நீளத்தைப்போல் இரண்டரை மடங்கு ஆரம் இருந்தால் பெரும்பாலான பெட்டிகள் ஓடும். மூன்று மடங்கு இருந்தால் நம்பி ஓட்டலாம். அதற்கு மேல் போகப்போகத்தான் பார்வைக்கு உண்மை ரயிலின் சாயல் வரும். 24 மீட்டர் பெட்டி எச்ஓவில் 27.6 செ.மீ. என்பதால் 69 செ.மீ. குறைந்த அளவு, 83 செ.மீ. விரும்பத்தக்க அளவு. பொம்மைப் பெட்டியோடு வரும் 45 செ.மீ. ஆர வளைவுத் துண்டுகளைப் பெரிய அமைப்பில் பயன்படுத்த வேண்டாம். அவற்றில் ஓடுவதற்காகவே சுருக்கிச் செய்யப்பட்ட பெட்டிகள் மட்டுமே அங்கே ஒழுங்காக ஓடும்.

இந்த எண்களை அறையில் பொருத்திப் பார்த்தால் திட்டம் ஏறக்குறையத் தானாகவே உருவாகிவிடுகிறது. நடுவில் ஒரு பெரிய மேடையைப் போட்டு அதைச் சுற்றி நடப்பதைவிட, சுவர்களை ஒட்டி அலமாரிபோல் மேடையை ஓட்டி, ஒரு குறுக்குச் சுவரிலிருந்து நாக்குபோல ஒரு பகுதியை அறையின் நடுவே நீட்டுவதே நல்லது. ரயிலோடு கூடவே நடந்து செல்லலாம். எந்த இடத்திலும் பாதை உங்கள் கைக்கு எட்டும். நாக்கின் நுனியில் பாதை திரும்பி வர வேண்டும், 75 செ.மீ. ஆரம் என்றால் விளிம்போடு சேர்த்து அந்த நுனி 1.6 மீட்டர் அகலம் பிடிக்கும். அறையின் அகலமான 4 மீட்டரில் இதைக் கழித்து, இரு பக்கச் சுவர் மேடைகளையும் அந்த இடத்தில் மட்டும் 45 செ.மீ. ஆகக் குறைத்தால், நடக்க இருபுறமும் 75 செ.மீ. மிஞ்சும். ஒருவர் நடக்க அது போதும். இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் உடலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். மற்ற இடங்களில் மேடை 60 செ.மீ. அகலம் இருக்கலாம். 75 செ.மீ.க்கு அப்பால் தடம்புரண்ட பெட்டியை எடுக்கக் கை நீட்டினால், சட்டைக் கை முன்னால் உள்ள சிக்னல் கம்பங்களைச் சாய்த்துவிட்டுத்தான் திரும்பும். மேடையின் உயரம் 115 முதல் 130 செ.மீ. வரை இருந்தால் ரயிலைப் பக்கவாட்டில், மனிதர் பார்ப்பதுபோல் பார்க்கலாம். இடுப்பளவு உயரத்தில் அது விமானத்திலிருந்து பார்ப்பது போலிருக்கும். கதவை அடைக்காமல் ஒரு தூக்குப் பாலமோ கழற்றி மாட்டும் பலகையோ வைக்க வேண்டியிருக்கும். குனிந்து நுழையும் ஏற்பாட்டை இளம் வயதில் எல்லோரும் ஏற்றுக்கொள்கிறார்கள். முதுகுவலி வந்த பிறகு அதைச் செய்தவரைத் திட்டுகிறார்கள், செய்தவர் தாமே என்றாலும்.

இப்படி அமைத்தால் முதன்மைப் பாதையின் நீளம் சுவர்களில் சுமார் 18 மீட்டரும் நாக்கில் 7 மீட்டருமாக 25 மீட்டர் வரும்; எச்ஓ கணக்கில் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல்.

இரண்டாவது அடுக்கைப் பற்றி நான் சொல்லப்போவது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாக 40 செ.மீ. இடைவெளியில் இரண்டு அடுக்குகளை இணைக்க வழக்கமாகச் செய்வது சுருள் ஏற்றம், அதாவது ஹெலிக்ஸ். ஆரம் 60 செ.மீ., சுற்றுக்கு 9 செ.மீ. ஏற்றம் என்று வைத்தால், ஒரு சுற்றின் நீளம் 3.77 மீட்டர், சரிவு 2.4 சதவீதம். வளைவின் உராய்வு இன்னும் ஒரு சதவீதத்துக்கு மேல் ஏற்றத்தைப் போலவே எஞ்சினைப் பிடித்திழுக்கும் என்பதால், சமமான நிலத்தில் பன்னிரண்டு பெட்டிகளை இழுக்கும் எஞ்சின் அங்கே ஆறில் திணறலாம். 40 செ.மீ. ஏற நாலரைச் சுற்று, அதாவது ஏறத்தாழ 17 மீட்டர் பாதை வேண்டும். 60 கி.மீ. வேகத்துக்கு இணையாக ஓடும் ரயில் ஒன்றரை நிமிடம் கண்ணில் படாமல் அந்தப் பீப்பாய்க்குள் சுற்றிக்கொண்டிருக்கும். உங்கள் முழு முதன்மைப் பாதையே 25 மீட்டர் இருக்கும்போது, 17 மீட்டரை ஒரு மூலையில் மறைத்து வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

அதற்குப் பதிலாகக் கீழ் அடுக்கை ரயில்கள் காத்திருக்கும் மறைவு யார்டாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுவரை ஒட்டி அறையைச் சுற்றிவரும் 18 மீட்டருக்கும் 1.5 சதவீதச் சரிவு கொடுத்தால் பாதை தானாகவே 27 செ.மீ. இறங்கிவிடும், ஹெலிக்ஸே தேவையில்லை. மேல் அடுக்குக்கு அடியில் ஐந்தாறு நீண்ட தடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு முழு ரயில். முன்பக்கம் திறந்திருக்கட்டும், கையும் ஒரு சிறு விளக்கும் நுழைய 20 செ.மீ. இடைவெளியாவது கண்டிப்பாக வேண்டும். ரயில்கள் எங்கிருந்தோ வந்து, நிலையத்தில் நின்று, எங்கோ போய்விடும் தோற்றத்தைத் தருவது இந்த யார்டுதான். அமெரிக்காவில் 1940-களில் எழுதிய ஃபிராங்க் எலிசன் மாதிரி ரயில் பாதையை நாடக மேடைக்கு ஒப்பிட்டார்: ரயில்கள் நடிகர்கள், கால அட்டவணை கதை. அந்த ஒப்பீட்டில் மறைவு யார்டுதான் திரைக்குப் பின்னாலுள்ள ஒப்பனை அறை. ஒப்பனை அறை இல்லாத மேடையில் நடிகர்கள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

மறைவுப் பாதை என்றதும் என் சொந்த அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகிறது. என் முதல் பெரிய அமைப்பில் சுரங்கத்துக்குள் ஒரு பாயிண்டை வைத்து, அதன்மேல் பிளாஸ்டர் மலையை எழுப்பி, புல் தூவி, மரமும் நட்டேன். எட்டு மாதம் கழித்து அந்தப் பாயிண்டின் நாக்கை, அதாவது நகரும் தண்டவாள முனையை, இழுக்கும் கம்பி கழன்றது. மலையின் பின்பக்கம் சுவர். முன்பக்கத் துளை என் மணிக்கட்டைவிடச் சிறியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து மலையை உடைத்தேன். கழன்றிருந்தது ஒரே ஒரு திருகு. அதை மாட்ட அரை நிமிடம் பிடித்தது. அன்றிலிருந்து கை எட்டாத மறைவிடத்தில் பாயிண்டே கூடாது என்பது என் விதி. தவிர்க்கவே முடியாவிட்டால் மேலே இருக்கும் மலை மூடிபோல் தூக்கி எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

மேடைச் சட்டத்தைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நன்கு காய்ந்த மரச் சட்டங்களை ஏணிபோல் இணைத்து, அவற்றின்மேல் சிறு தாங்குகட்டைகளை நிறுத்தி, 12 மி.மீ. பிளைவுட்டைப் பாதையின் வடிவத்துக்கு வெட்டி அவற்றின்மேல் வைப்பது பழைய, நம்பகமான முறை. 1960-களில் அமெரிக்க மாதிரி ரயில் இதழாசிரியர் லின் வெஸ்ட்காட் பரப்பிய எல் வடிவ உத்தரமும் நல்லதே. குறுக்குச் சட்டங்களைக் கீழிருந்து திருகிப் பொருத்துவதால் பிறகு அவற்றை நகர்த்த முடியும். எந்த முறையானாலும் திருகாணி கீழிருந்து மேலே போகட்டும். மேலிருந்து அடித்த திருகாணியின் தலை ஜல்லிக்கும் பிளாஸ்டருக்கும் அடியில் புதைந்தபின் அதைக் கழற்ற வழியில்லை. ரசமட்டம் கையிலேயே இருக்க வேண்டும். சரிவு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் மடிப்பு விழாமல், பிளைவுட் தானாக வளைந்து ஏறும்படி விட்டால் பெட்டிகளின் கொக்கிகள் விலகாது. மரத்தைக் கொண்டுவந்த அன்றே அறுக்காமல் இரண்டு மூன்று வாரம் அதே அறையில் கிடத்தி வையுங்கள். தண்டவாளம் விரிவதைவிட மரம் ஈரத்தில் உப்புவதும் வறட்சியில் சுருங்குவதும்தான் பாதையை அதிகம் கோணலாக்குகிறது. உலோகமும் சும்மா இருப்பதில்லை: வெப்பம் 20 டிகிரி மாறினால் 10 மீட்டர் தண்டவாளம் சுமார் 3 மி.மீ. நீளும். எல்லா இணைப்புகளையும் பற்றவைத்துவிட்டால் அந்த 3 மி.மீ. ஓரிடத்தில் பிதுங்கி வெளியே வரும். நேர்ப்பகுதிகளில் ஆங்காங்கே ஒரு தாள் கனத்துக்கு இடைவெளி விட்டு, அங்கே இணைப்புத் தகட்டை மட்டும் போட்டு, பற்றவைக்காமல் விடுங்கள்.

பாதை போடும் வேலையில் அவசரம் வேண்டாம். மேலே சொன்ன 0.99, 0.999 இரண்டில் எது உங்களுக்கு வாய்க்கும் என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. வளைவுகளுக்கு நெகிழ்தண்டவாளமே ஏற்றது. அது வளையும்போது உட்புறத் தண்டவாளம் வெளிப்புறத்தைவிட முன்னால் நீண்டுவிடும். இரண்டு துண்டுகளை வளைத்தபின் இணைக்கப் பார்த்தால், இணைப்பில் ஒவ்வொரு துண்டும் நிமிரத் துடித்து, அங்கே ஒரு சிறு முழங்கை உருவாகும். கண்ணுக்கு அது தெரியாது. எஞ்சினின் முதல் சக்கரம் அதைக் கண்டுபிடித்துவிடும். இதற்கு வழி, மேசைமேல் இரண்டு துண்டுகளையும் நேராக வைத்து இணைத்து, சால்டரிங் செய்து, இணைப்பின் மேற்பரப்பையும் உட்பக்கத்தையும் சிறு அரத்தால் வழவழப்பாக்கி, அதன்பின் ஒரே துண்டாக வளைப்பதுதான். தண்டவாளத்துக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் ஸ்லீப்பர் கட்டை உருகாமல் இருக்க, நல்ல சூடான முனையை இரண்டு மூன்று நொடி மட்டும் வைத்து எடுத்துவிட வேண்டும். குளிர்ந்த முனையை நீண்ட நேரம் அழுத்துபவர்தான் பிளாஸ்டிக்கை உருக்குவார். நேர்ப்பாதை வளைவாக மாறும் இடத்தில் திடீரென்று திரும்பாமல், ஒரு மெல்லிய மரச் சிம்பை ஆணிகளுக்கிடையே வளைத்து அது விழும் கோட்டைப் பின்பற்றினால், மாறுவளைவு இயல்பாகக் கிடைக்கும். பார்க்க அழகாக இருப்பதோடு, நீண்ட பெட்டிகள் ஒன்றையொன்று பக்கவாட்டில் தள்ளுவதும் நின்றுவிடும்.

பாயிண்டுகளை வாங்கியபடியே பதிப்பவர்கள் பெரும்பாலோர். ஒவ்வொன்றையும் பதிக்கும் முன்பு மேசையில் வைத்து இருபது நிமிடம் செலவிடுங்கள். முதலில், பக்கத் தண்டவாளத்தின் உட்புறமாக உங்கள் நகத்தை மெல்ல இழுத்துக்கொண்டே வந்து, நகரும் நாக்கின் நுனியைக் கடந்து பாருங்கள். நகம் தட்டுகிறது என்றால் சக்கர விளிம்பும் அங்கே தட்டும். நாக்கின் நுனியைச் சிறு அரத்தால் மேலிருந்து சாய்வாகவும் உட்புறமாகவும் தேய்த்து, அது பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டி மறைந்துபோகும்வரை சரிசெய்ய வேண்டும். பிறகு ஃப்ராக் எனப்படும் வி வடிவ முனை. இரண்டு தடங்கள் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் சக்கரம் பள்ளத்தில் இறங்கி ஏறுகிறதா என்று ஒற்றைப் பெட்டியை மிக மெதுவாகத் தள்ளிப் பார்த்தால் விரலிலேயே உணரலாம். ஃப்ராக்குக்கு எதிரே சக்கரத்தை வழிநடத்தும் காவல் தண்டவாளத்தின் இடைவெளியை, 1935-ல் தொடங்கிய அமெரிக்கத் தேசிய மாதிரி ரயில் சங்கத்தின் தர அளவுத் தகட்டால் சோதியுங்கள். உள்ளங்கையில் அடங்கும் அந்தத் தகடு இந்தப் பொழுதுபோக்கில் நீங்கள் வாங்கும் மிகப் பயனுள்ள கருவியாக இருக்கும். முதன்மைப் பாதையில் 6-ஆம் எண் அல்லது அதற்கு மேற்பட்ட பாயிண்டுகளைப் போடுங்கள். ஆறு அளவு முன்னே போகும்போது ஒரு அளவு விலகும் என்பதே அந்த எண்ணின் பொருள். எண் கூடக்கூடத் திருப்பம் மென்மையாகும், இடமும் அதிகம் பிடிக்கும். நாக்கை நகர்த்த, சடாரென்று அடிக்கும் காந்தச் சுருளைவிட மெதுவாக நகர்த்தும் மோட்டாரோ சிறு செர்வோவோ மேல். அவை நாக்கை அழுத்திப் பிடித்திருக்கும்; கூடவே ஃப்ராக்குக்குச் சரியான மின்முனையை மாற்றித்தரும் சுவிட்சும் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஃப்ராக்குக்கு மின்சாரம் இல்லாவிட்டால் சிறிய எஞ்சின்கள் அங்கே வந்து நின்றுவிடும். அதன்பின் விரலால் தள்ளும் பழக்கம் தொற்றிக்கொள்ளும்.

மின் இணைப்புக்கு, இத்தனை பெரிய அமைப்பில் டிசிசி எனப்படும் எண்வழிக் கட்டுப்பாட்டைத் தவிர வேறொன்றை நான் சொல்லமாட்டேன். ஜெர்மனியின் லென்ஸ் நிறுவனம் உருவாக்கிய அடிப்படையின்மேல் 1990-களில் அந்த அமெரிக்கச் சங்கம் இதைத் தரநிலையாக்கியது. அதனால் ஒருவர் செய்த கட்டுப்பாட்டுக் கருவியும் மற்றவர் செய்த, எஞ்சினுக்குள் கட்டளையைப் படிக்கும் டிகோடரும் ஒன்றோடொன்று பேசும். தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தம் இருக்கும். ஒவ்வொரு எஞ்சினும் தன் எண்ணுக்கு வரும் கட்டளையை மட்டும் கேட்டு நடக்கும். இரண்டு எஞ்சின்களை ஒரே தடத்தில் எதிரெதிரே ஓட்டவும் முடியும், மோதவிடவும் முடியும்.

ஆனால் ஒயரில் சிக்கனம் பார்த்தால் டிசிசியும் தடுமாறும். தண்டவாளமும் அதன் இணைப்புத் தகடுகளும் மின்சாரத்தை நெடுந்தூரம் கொண்டுசெல்லத் தக்கவை அல்ல. மேடைக்கு அடியில் 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர்கள் இரண்டை முழு நீளத்துக்கும் ஓட்டி, ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை அதிலிருந்து மெல்லிய ஒயரால் தண்டவாளத்துக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். கருவியிலிருந்து 10 மீட்டர் தொலைவில் 3 ஆம்பியர் ஓடும்போது, போக வர 20 மீட்டர் ஒயரில் இழக்கும் மின்னழுத்தம் 2.5 சதுர மி.மீ. ஒயரில் 0.4 வோல்ட்தான், 0.5 சதுர மி.மீ. ஒயரில் அதுவே 2 வோல்ட்டைத் தாண்டும். வேகம் குறைவது மட்டும் இதன் கேடு அன்று. ஷார்ட் சர்க்யூட் ஆகும்போது போதிய மின்னோட்டம் பாயாமல், காப்புச் சுற்று அதை உணராமல், தடம்புரண்ட பெட்டியின் சக்கரம் சூடாகி அடிப்பகுதிப் பிளாஸ்டிக் உருகும்வரை போய்விடும். ஆகவே ஒவ்வொரு மீட்டரிலும் ஒரு நாணயத்தைத் தண்டவாளங்களின் குறுக்கே வைத்துப் பாருங்கள். எல்லா இடத்திலும் கருவி உடனே மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். துண்டிக்காத இடத்தில் இன்னொரு இணைப்புக் கொடுங்கள். ஒயர்களுக்கு இரண்டே நிறங்களை, முன் தண்டவாளத்துக்கு ஒன்று, பின் தண்டவாளத்துக்கு ஒன்று என்று கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். பாதை தன்மேலேயே திரும்பி எதிர்த்திசையில் சேரும் வளையம் எங்கேனும் இருந்தால், அங்கே இடது வலது தண்டவாளங்கள் நேருக்கு நேர் மோதி ஷார்ட் ஆகும். அந்தத் துண்டை இருமுனையிலும் தனித்துப் பிரித்து, மின்முனையைத் தானாக மாற்றும் கருவியை அதற்கென வைக்க வேண்டும். வரைபடத்திலேயே இரு தண்டவாளங்களையும் இரு நிறத்தில் வரைந்து பார்த்தால் இத்தகைய இடங்கள் உடனே வெளிப்படும்.

பெட்டிகளையும் பாதையைப் போலவே ஒரு தரத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிளாஸ்டிக் சக்கரங்களை உலோகச் சக்கரங்களாக மாற்றுங்கள். உருளுவது இலகுவாவதோடு, தண்டவாளத்தில் கருமை படிவதும் குறையும். எடை குறைந்த பெட்டி ரயிலின் நடுவே இருந்தால், வளைவில் பின்பக்க ரயில் இழுக்கும்போது உட்புறமாகச் சாய்ந்து விழும். எச்ஓவுக்கு அந்தச் சங்கம் பரிந்துரைக்கும் எடை, அடிப்படையாக 28 கிராமும் நீளத்தின் ஒவ்வொரு செ.மீ.க்கும் ஏறத்தாழ 5.6 கிராமும், 27.6 செ.மீ. பெட்டிக்குச் சுமார் 180 கிராம். சமையலறைத் தராசு போதும். எடை கூட்டும் தகடுகளைப் பெட்டியின் தரையோடு ஒட்டுங்கள். கூரைக்கு அருகில் ஒட்டினால் நோக்கமே கெட்டுவிடும்.

காட்சியமைப்பைப் பற்றி எல்லோரும் நிறையச் சொல்வார்கள் என்பதால் நான் குறைத்துச் சொல்கிறேன். மேடைக்குப் பின்னால் சுவரில் வானத்தை முதலிலேயே பூசுங்கள்; மேலே அடர்நீலம், அடிவானத்தில் வெளிறிய நிறம், மூலைகள் வளைவாக. பாதை போட்டபின் அந்த இடத்துக்குத் தூரிகையோடு போவது கடினம். விளக்கும் அப்படித்தான்: அறை முழுவதும் ஒரே வகை, ஒரே நிறவெப்பம். ஜல்லி ஒட்டும்போது, தூவிய கற்களை மெல்லிய தூரிகையால் ஸ்லீப்பர்களின் மேலிருந்து தள்ளி, ஆல்கஹால் கலந்த நீரைப் புகைபோல் தெளித்து நனைத்துவிட்டு, அதன்பிறகே நீர்த்த வெள்ளைப் பசையைச் சொட்டு சொட்டாக விடுங்கள். நனைக்காமல் பசை விட்டால் அது உருண்டு நின்று கற்களைக் குழிபறிக்கும். பாயிண்டின் நாக்குக்கு அருகில் மட்டும் பசையை நினைக்கவே வேண்டாம்.

பாதை 25 மீட்டர் என்றால் 60 கி.மீ. வேகத்துக்கு இணையான ரயில் அதை இரண்டேகால் நிமிடத்தில் முடித்துவிடும். இது குறைவென்று தோன்றலாம். கடிகாரத்தை ஆறு மடங்கு வேகமாக ஓடவிட்டால் அதுவே கால் மணி நேரப் பயணமாகக் கணக்காகும். எதிர் ரயிலுக்காக லூப்பில் காத்திருப்பதும் இரண்டு சரக்குப் பெட்டிகளைக் கழற்றிவிட்டுக் கிளம்புவதும் சேர்ந்தால் ஒரு மாலைப்பொழுது போதாது. பெட்டிக்கு ஒரு அட்டை, அது போக வேண்டிய இடத்துக்கு ஒரு சீட்டு என்ற எளிய ஏற்பாடு பல பத்தாண்டுகளாகப் பழக்கத்தில் உள்ளது. கணினியில் ஓட்ட விரும்பினால் ஜேஎம்ஆர்ஐ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது.

கட்டும் வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். முழு அறைக்கும் வரைபடம் போடுங்கள். ஆனால் ஒரு நீண்ட சுவரை மட்டும் முதலில் கட்டுங்கள். ஒரு நிலையம், ஒரு லூப், இரு முனைகளிலும் ரயில் நின்று திரும்பத் தற்காலிகத் தடங்கள்; பாயிண்டுகள் ஆறு அல்லது ஏழு. ஒவ்வொரு பாயிண்டுக்கும் ஓர் எண் எழுதி ஒட்டி, ஒரு நோட்டைச் சுவரில் தொங்கவிட்டு, ஜல்லி போடாமலே ஆறு வாரம் ஓட்டுங்கள். தடம்புரளும் ஒவ்வொரு முறையும் பாயிண்டின் எண், பெட்டியின் எண், எந்தத் திசையில் போனது என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெட்டி பல இடங்களில் விழுந்திருந்தால் குறை அதன் சக்கரத்திலோ எடையிலோ இருக்கிறது. பல பெட்டிகள் ஒரே எண்ணில் விழுந்திருந்தால் அந்தப் பாயிண்டைக் கழற்றி மேசைக்குக் கொண்டுவந்து நகத்தை இழுத்துப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு வாரம் நோட்டில் புதிய வரி எதுவும் சேரவில்லை என்றால் ஜல்லியை ஒட்டலாம், அடுத்த சுவருக்கு மரம் வாங்கலாம்.